கேட்டும் அசையாத கோப்பு: வட ஆற்காட்டுப் பீடித்தொழிலில் அடமானக் குழந்தைகள்

குழந்தைகள் மீதான கொடுமை வெளியே தெரியாததால்தான் நீடிக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. குடியாத்தம், வேலூர், ஆம்பூர் வட்டாரத்துப் பீடித்தொழிலின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை முதலாளியிடம் விடும் வழக்கம் இங்கே ஊரறிந்தது, அரசும் அறிந்தது. 1931இல் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், பீடி உள்ளிட்ட தொழில்களில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் இருப்பதைப் பதிவு செய்தது. அடமான வழக்கம் உள்ள இடங்களில் சென்னையையும் சேர்த்தது. இரண்டே ஆண்டில் சட்டம் வந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வேலைக்கு வைத்தவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே தகவல் வந்தது. 1996இல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, வட ஆற்காட்டுப் பீடிக் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. தலை நிமிராமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே தீப்பெட்டியைச் செருகிவைக்கும் பழக்கத்தை அது குறிப்பிடுகிறது. பெட்டி விழுந்தால், பிள்ளை வேறெங்கோ பார்த்துவிட்டது என்று பொருள்.

ஆக, புகாருக்குப் பஞ்சமில்லை. புகார் போய்ச் சேரும் இடத்தில்தான் சிக்கல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடுமையானதுதான். கடனை அது ரத்து செய்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. ஆனால் கொத்தடிமை இருக்கிறதா என்று விசாரிக்கும் கடமையையும், இருந்தால் ஒழிக்கும் கடமையையும் ஒரே மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டது. தன் எல்லையில் ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கும் அதிகாரி, அதுவரை தான் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. கொத்தடிமை யாரும் இல்லை என்று இன்மை அறிக்கை எழுதுபவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தனிமனித நேர்மையின்மையைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

மாநில அளவிலும் இதுவே நடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையம், தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக 1995 அக்டோபரில் அறிக்கை அளித்தது. அதன்பின் அரசின் கணக்கெடுப்பில் தேறியவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். கணக்கிட்ட முறைகள் வேறு என்பது இந்த இடைவெளியில் ஒரு பகுதியை விளக்கலாம், முழுவதையும் விளக்காது.

இன்னொரு தடை வீட்டு வாசல். 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பட்டறைகளைக் கட்டுப்படுத்தியது. சொந்த வீட்டில் குடும்பத்தோடு சுயமாகத் தொழில் செய்வோரை விட்டுவிட்டது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித்தொழிலைத் தடைப்பட்டியலில் சேர்த்தும், குடும்ப உதவியோடு நடக்கும் தொழிலுக்கு விலக்கு அளித்தது. வேலை வீட்டுக்குள் போய்விட்டால், ஆய்வாளர் கண்ணில் படுவது அம்மாவுக்கு ஒத்தாசை செய்யும் பிள்ளைதான். அந்த இலைக்கட்டும் தூளும் யார் கொடுத்தவை, எந்தக் கடனுக்காக என்ற கேள்வி எழுவதே இல்லை.

ஏழைக் குடும்பத்தின் மீது வழக்குப் போடுவது நியாயமா என்று அதிகாரிகள் தரப்பில் கேட்கப்படலாம். 1933 சட்டத்தை வைத்துப் பார்த்தால் கேள்வி சரி. 1976 சட்டத்துக்கு அது பொருந்தாது. அங்கே மீட்கப்பட்டவருக்குத் தரும் விடுதலைச் சான்றால் குடும்பத்துக்கு நட்டமில்லை, கடன்தான் போகிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1990களின் நடுவில் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், இதே சட்டத்தை வைத்துக்கொண்டு பீடிக் குழந்தைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்க முனைந்தார். அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற தேடல் அவரை ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்குக் கொண்டுபோனது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் வேர் அதில் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்சியரின் ஊக்கம் அவர் மாறுதலோடு போய்விடக்கூடியது.

குழந்தைகளைக் காக்கும் பிற்காலச் சட்டங்கள் புகார் செய்யும் கடமையையே இறுக்கின. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், தெரிந்தும் தகவல் தராததைக் குற்றமாக்கியது. புகாரைப் பதியாத காவலரும் அதில் அடக்கம். இருந்தும் 2024இல் சென்னை அண்ணாநகரில், பத்து வயதுச் சிறுமிக்காகப் புகார் கொடுக்கப்போன பெற்றோர், காவல் நிலையத்தில் தாங்களே தாக்கப்பட்டதாகக் கூறினர். உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்ற, உச்ச நீதிமன்றம் பின்னர் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. புகார் உரிய இடத்துக்குப் போன பிறகு நிகழ்ந்த கோளாறு இது.

கொத்தடிமை ஒழிப்பில் தேவைப்படும் மாற்றம் சிறியது. எந்த நாளில், எந்தத் தெருவில், எத்தனை வீடுகளில் விசாரித்தார் என்பதை இன்மை அறிக்கை அனுப்பும் அலுவலர் எழுத வேண்டும். அதைப் பள்ளி இடைநிற்றல் பதிவேட்டோடு, வருவாய்த் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடையில் நின்ற பிள்ளைகள் நிறைந்த தெருவுக்கு இன்மை அறிக்கை வந்தால், அந்த அறிக்கையையே புகாராகக் கொண்டு விசாரணை தொடங்கலாம்.