முரட்டு மீன் உள்ள தொட்டியில் புது மீன் சேர்த்தல்

ஓர் இடத்தைத் தன் எல்லையாக ஆக்கிக்கொண்ட வளர்ப்பு மீனோடு இன்னொரு மீனை உயிர்ச்சேதமில்லாமல் குடியேற்றுவது, வண்ணமீன் வளர்ப்பில் கடினமான வேலைகளுள் ஒன்று. ஆஸ்கார், பிளவர்ஹார்ன், மலாவி ஏரியின் எம்புனா போன்ற சிக்லிட் மீன்களை வளர்ப்போர் இதை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். கடல்நீர்த் தொட்டிகளில் டாம்செல், டாங் மீன்களாலும் இதே சிக்கல் எழுகிறது.

எல்லைச் சண்டை

மீனின் முரட்டுத்தனத்தில் பெரும்பங்கு அது நிற்கும் இடத்தைச் சார்ந்தது. 1973இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான டச்சு விலங்கியலாளர் நிக்கோ டின்பெர்கன் இதை ஸ்டிக்கில்பேக் என்னும் சிறு மீன்களைக் கொண்டு காட்டினார். ஒரே தொட்டியில் ஆளுக்கொரு எல்லை பிடித்திருந்த இரண்டு ஆண் மீன்களைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து இடம் மாற்றினார். குழாய்கள் முதல் மீனின் எல்லைக்குள் வந்தபோது அது பாய்ந்தது, மற்றது தப்பிக்க முயன்றது. எதிர்ப்பக்கம் கொண்டுபோனதும் நிலைமை தலைகீழானது. மீன்கள் அவையேதான், இடம் மட்டுமே மாறியிருந்தது.

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் எம்புனா ஆண்கள் தங்கள் குகைகளைக் காக்கின்றன. அங்கே தோற்ற மீன் நீந்திப் போய்விடும், துரத்தலும் அத்தோடு முடியும். நான்கடித் தொட்டியில் போவதற்கு இடமில்லை. தோற்றது எந்நேரமும் வென்றதன் கண்ணில் படுவதால் துரத்தல் நிற்பதே இல்லை. புது மீன்கள் சாவது பெரும்பாலும் ஒரே கடியால் அல்ல. இந்த ஓயாத விரட்டலால்தான்.

முன்னேற்பாடு

தன் நிறமும் உடலமைப்பும் கொண்ட மீனைத்தான் பழைய மீன் முதலில் தாக்கும். மஞ்சளில் கறுப்புக் கோடுள்ள எம்புனா இருக்கும் தொட்டிக்கு அதே சாயலில் இன்னொன்றை வாங்குவது வினையை விலைக்கு வாங்குவதுதான். புது மீன் பழையதற்கு ஏறத்தாழச் சமமான அளவில் இருப்பது நல்லது. எம்புனாக்களில் ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில், ஒன்றிரண்டாக இல்லாமல் கூட்டமாக ஒரே நாளில் விடுவது வழக்கம். அடி ஒன்றின்மேலேயே விழாமல் பரவும். தொட்டி நெரிசலாவதால் இதற்கு வலுவான பில்டரும் தவறாத நீர்மாற்றமும் வேண்டும். 30 செ.மீ. வரை வளரும் ஆஸ்காருக்கு இந்த நெரிசல் முறை ஒத்துவராது.

இரண்டு முதல் நான்கு வாரம் புது மீனைத் தனித் தொட்டியில் வைப்பது வெண்புள்ளி நோய் முதலியவை பரவாமல் தடுக்கும். பயண அலுப்புத் தீர்ந்து, தின்று தெம்பாக இருக்கும் மீனே முதல் நாள் விரட்டலைத் தாங்கும்.

விடும் நாள்

முதலில் கற்களையும் கட்டைகளையும் கலைத்து அடுக்க வேண்டும். பழைய மீனின் எல்லை அடையாளங்கள் அழிந்துவிட, அதுவும் அரைகுறைப் புதுக்குடியாகிவிடுகிறது. இது நல்ல பயன் தரும். ஒரு மீனின் பார்வை தொட்டி முழுவதும் எட்டாதபடி கற்கள் மறைக்க வேண்டும். பிறகு பழைய மீனுக்குத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுவார்கள். தனித் தொட்டியிலிருந்து மாற்றும்போதும் வெப்பநிலையும் நீரின் தன்மையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது போதாதபோது தொட்டியின் நடுவே கண்ணாடித் தட்டியோ துளையிட்ட பிளாஸ்டிக் தட்டியோ வைத்துச் சில நாள் இரண்டும் பார்த்துப் பழகவிடலாம். முரட்டு மீனையே சில நாள் வேறு தொட்டிக்கு அனுப்பிவிட்டு, புதியது இடம் பிடித்தபின் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. டின்பெர்கனின் குழாய்ச் சோதனையை நினைத்தால் இதன் தர்க்கம் விளங்கும்.

முதல் சில மணி நேரத் துரத்தல் இயல்பு. புது மீன் மேல்மூலையில் பில்டரை ஒட்டியே நிற்பது, நிறம் மங்குவது, தீனி எடுக்காதது, துடுப்பு கிழிவது ஆகியவை கண்டால் உடனே பிரிக்க வேண்டும். 'பழகிவிடும்' என்று காத்திருப்பது தவறு.

சில மீன்களுக்குத் துணை தேடுவதே வீண். இரண்டு ஆண் பைட்டர் மீன்களை ஒரே தொட்டியில் விடக்கூடாது. வளர்ந்த பிளவர்ஹார்னுக்கும் தனித் தொட்டியே பொருத்தம். வேறு தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் நடுத்தட்டியை நிரந்தரமாகவே விட்டுவிடுகின்றனர். அப்போது பில்டர் நீர் இரு பக்கமும் சுற்றி வர வழி இருக்க வேண்டும்.