பிடி அரிசி தந்த பாடம்
(விருதுநகர் – சிவகாசி வட்டாரப் பெண்கல்வி வரலாறு: ஒரு பார்வை)



உலை கொதிக்கிறது. அரிசியைக் களைவதற்கு முன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைக்கிறாள். அன்று அந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு கவளம் குறையும். ஆனால் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும். இதுவே பிடி அரிசித் திட்டம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் இவ்வாறு அரிசி சேர்த்த வழக்கத்தை நம் மூத்தோர் அறிவர். நாம் வாழும் இந்த வறண்ட மண்ணில் பொதுக் கல்விக்கும் அதுவே வித்தாக அமைந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும்.

விருதுபட்டியில் எழுந்த பள்ளி

1923 வரை விருதுபட்டி எனப் பெயர் பெற்றிருந்த இன்றைய விருதுநகர், வணிகத்தால் வளர்ந்த ஊர். அவ்வூர் நாடார் உறவின்முறையினர் வணிகத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என ஒதுக்கிப் பொதுநிதி திரட்டினர். அந்நிதியும் வீடுதோறும் சேர்ந்த பிடி அரிசியும் துணைநிற்க, 1889இல் தோன்றியது சத்திரிய வித்தியாசாலை. தம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அவர்கள் கதவை அடைக்கவில்லை. பிற சமுதாயப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர்.

அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர், 1903இல் பிறந்த காமராசர். தந்தையை இழந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாய்மாமன் துணிக்கடைக்குச் சென்றார். பசி ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து எவ்வாறு வெளியேற்றும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர், முதலமைச்சரான பின் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததில் வியப்பில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பிடி அரிசியை அள்ளித் தந்தது யார் கை? பெண்ணின் கை. ஆயினும் அப்பள்ளியின் பயன் முதலில் சென்றது ஆண்பிள்ளைகளுக்கே. விருதுநகரில் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி தோன்றிய ஆண்டு 1962. சிவகாசியில் எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரி தோன்றிய ஆண்டு 1968. முதற்பள்ளிக்கும் முதல் மகளிர் கல்லூரிக்கும் இடையே 73 ஆண்டுகள் கடந்துவிட்டன.

தீப்பெட்டிக்குள் அடைபட்ட பருவம்

நகரத்துப் பெண்ணுக்குக் கல்லூரி வந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு வந்ததோ ஆலை வண்டி.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். 1940களில் பட்டாசு ஆலைகளும் பெருகின. மழை குறைவு என்பது உழவனுக்குச் சாபம். குச்சியும் மருந்தும் உலர வேண்டிய தொழிலுக்கோ அதுவே வரம். வானம் பார்த்த கரிசல் காட்டில் விளைச்சல் பொய்த்த குடும்பங்களுக்கு அத்தொழில் சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலையாகக் கருதப்பட்டன. விடியுமுன்னே ஊர் ஊராக வந்த ஆலை வண்டிகள் பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால் பிள்ளை வேலைக்குப் போயே ஆக வேண்டும். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்குழந்தைகள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அண்ணன் தம்பி பள்ளிக்கு, அக்காள் தங்கை ஆலைக்கு என்பதே பல வீடுகளின் கணக்காக இருந்தது.

சட்டமும் சோறும் சைக்கிளும்

இந்நிலை ஒரே நாளில் மாறவில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும்; அக்குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். குழந்தையை வேலையிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, அவள் கொண்டுவந்த கூலிக்கும் வழி காண வேண்டும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

சட்டத்துக்குத் துணையாகச் சோறும் வந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவடைந்தது. அது பிள்ளைகளின் பசியைத் தீர்த்ததோடு, அமைப்பாளர்களாகவும் சமையலர்களாகவும் கிராமத்துப் பெண்கள் பலருக்கு வேலையும் தந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் வந்தபோது, மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. திருமணத்துக்கென இருந்த தொகை படிப்புக்கென மாறியது சிறிய மாற்றமன்று.

தாய்மார்களின் கல்வியை அறிவொளி இயக்கம் முன்னெடுத்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. குடம் சுமந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டினர். யாரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தாமே சென்றனர்.

நிலமும் கைத்தொழிலும்

படித்த பெண் அடுத்து என்ன செய்வாள்? இந்திய பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்றும் சிவகாசி வட்டாரத்தையே சார்ந்துள்ளது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகள் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. வேறு வழியில்லாமல் அவ்வேலைக்குச் செல்வது வேறு. பல வழிகளுள் ஒன்றாக அதைத் தேர்ந்துகொள்வது வேறு. பெண்ணுக்கு அந்த வேறு வழிகளைத் திறந்து வைப்பதே நம் கடமை.

வழிகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பாலுக்குப் பின்னால் கறவை மாடு வளர்க்கும் பெண்களின் உழைப்பு உண்டு. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யப்படுகிறது. அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிறது. இ. குமாரலிங்கபுரத்தில் பெரும் ஜவுளிப் பூங்கா அமையும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் பட்டாவில் பெண்ணின் பெயரைக் காண்பது அரிது. பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் எளிதில் கிட்டுவதில்லை. 1997-98 முதல் தமிழகமெங்கும் பரவிய மகளிர் திட்டச் சுயஉதவிக் குழுக்கள் இக்குறையை ஓரளவு நீக்கின. சிறுசேமிப்பும் குழுக்கடனும் ஆடு, மாடு, தையல் எந்திரம் என வீட்டுக்குள் வந்தன. ஒரு வகையில் அதுவும் பிடி அரிசியே.

நமக்குரிய பாடம்

1985 வரை நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த இராமநாதபுரத்தின் கீழக்கரையில், 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. நம் சமுதாயத்தாலும் இயலும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் வறுமையே நம் பிள்ளைகள் பலரின் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறது என்று 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்பிள்ளை நம் தெருவில் எவரேனும் உண்டா? பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமல் தொழிற்பயிற்சியைக் கைவிட்டவள் உண்டா? சந்தா ஏட்டைப் புரட்டும்போது இக்கேள்விகளையும் நாம் கேட்டுக்கொள்வோமாக.

கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்பதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். மேடைப் பேச்சு பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தாது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏழைப் பெண்கள் கலயத்தில் இட்ட ஒரு பிடி அரிசி ஒரு பள்ளியை நடத்தியது. இன்று நம் வீடுதோறும் ஒரு பிடிக்கு ஈடான தொகை ஒதுக்கப்படுமானால், அது அந்தத் தாய்மாரின் பேத்திகளைக் கல்லூரி வாசலில் கொண்டு சேர்க்கும், இன்ஷா அல்லாஹ்.