"சேர், எஞ்சினையே கழற்றச் சொல்கிறார்கள்!"

இது கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் எழுதியதல்ல. யாரிடமாவது யோசனை கேட்பவர்களும், கேட்காமலே யோசனை சொல்பவர்களும் வாசிக்கலாம். நாம் இரண்டாவது வகை. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

சென்ற ஏப்ரல் விடுமுறையில், நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சில வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, சேமிப்பில் பெரும் பகுதியைக் கொடுத்து ஒரு பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வாங்கியிருந்தார். ஆசை ஒரு பக்கம். கல்யாண வாடகைக்கு விட்டு உழைக்கலாம் என்ற கணக்கு இன்னொரு பக்கம்.

மூன்றாம் மாதமே கார் இழுக்காமல் போனது. கினிகத்தேனை ஏற்றத்தில் நடுங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. உடனே நாலா பக்கமும் யோசனைகள் வந்தன.

"ஒயில் குடிக்கிறது, எஞ்சின் முடிந்தது. தடித்த ஒயில் ஊற்று" என்றார் ஒருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, ஏற்றத்தில் சூடாகாது" என்றார் இன்னொருவர். "ஒயில் உறிஞ்சும் அந்தப் பம்பை அடைத்துவிடு" என்றார் மூன்றாமவர். கராஜில் வயதான பாஸ் ஒருவர், "தம்பி, இதையே கழற்றிவிட்டு சாதாரண பிஸ்டன் எஞ்சின் ஒன்றை வைத்துவிடுவோம்" என்று முடித்துவிட்டார். அதற்குக் கேட்ட தொகை, பிள்ளையின் கையில் மிச்சமிருந்ததைவிட அதிகம்.

நாமும் சும்மா இருக்கவில்லை. "வித்துப் போடு மகன், நிம்மதி" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சேர், ஒரு பொருள் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லி வரலாற்றுப் பாடத்தில் நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?"

வெட்கமாகிவிட்டது. அன்றிரவே தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

*

நம் வாகனங்களில் இருப்பது பிஸ்டன் எஞ்சின். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ஆர்எக்ஸ்-8 இல் இருப்பது ரோட்டரி, அதாவது சுழல் எஞ்சின். இதில் பிஸ்டன் இல்லை. பக்கங்கள் சற்றுப் புடைத்த ஒரு முக்கோணம், நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டிகள் அறைச் சுவரை உரசிக்கொண்டே போகும். அமுக்கிய காற்றும் எரிவாயுவும் கசியாமல் காப்பவை அந்தப் பட்டிகள்தான். இந்த எஞ்சினின் உயிரும் அதில்தான், நோயும் அதில்தான்.

இதைக் கனவு கண்டவர் ஜேர்மனியின் பெலிக்ஸ் வாங்கெல். 1929 இலேயே முதல் காப்புரிமை பெற்றார். என்எஸ்யு கொம்பனியில் இவரது முதல் மாதிரி எஞ்சின் 1957 இல் ஓடியது. அதில் உள்ளே இருந்த முக்கோணமும் சுழன்றது, வெளியே இருந்த அறையும் சுழன்றது. பிளக் மாற்றுவதற்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அதே கொம்பனியின் பொறியியலாளர் ஹான்ஸ் டீற்றர் பாஷ்கே, வெளியறையை அசையாமல் நிறுத்தி முக்கோணத்தை மட்டும் சுழலவிட்டார். தனக்குத் தெரியாமல் செய்த இந்த மாற்றம் வாங்கெலுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிறகு கார்களில் ஏறியது பாஷ்கேயின் வடிவம்தான். ஆகவே "கொம்பனி செய்ததில் கை வைக்காதே" என்பதும் சரியான பாடமல்ல. இந்த எஞ்சினே ஒரு மாற்றத்தால் பிழைத்ததுதான். பாஷ்கேக்கு எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்பது தெரிந்திருந்தது.

1967 இல் என்எஸ்யு தனது ரோ-80 காரை வெளியிட்டது. 1968 ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் முனைப் பட்டிகள் விரைவில் தேய்ந்தன. கொம்பனி உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே களைத்துப்போனது. வீதியில் ஒரு ரோ-80 இன்னொன்றைச் சந்தித்தால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று சாரதிகள் விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம். 1969 இல் என்எஸ்யு, வொக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது.

அந்த நாட்களில் பல ரோ-80 சொந்தக்காரர்கள் சுழல் எஞ்சினைக் கழற்றிவிட்டு போர்ட் கொம்பனியின் வி-4 எஞ்சினை வைத்தார்கள். இடம் சிறியது, அந்த எஞ்சின்தான் உள்ளே அடங்கியது. அதிர்வே இல்லாமல் ஓடுவது என்று பெயர் வாங்கிய காருக்கு, அதிர்வுக்குப் பெயர் போன எஞ்சின்! நம் கராஜ் பாஸ் சொன்ன யோசனைக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

*

இதே நோயை ஜப்பானில் வேறு விதமாகக் கையாண்டார்கள். ஹிரோஷிமாவின் மஸ்டா 1961 இல் என்எஸ்யுவிடமிருந்து உரிமம் பெற்றது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியியலாளர்கள் அமர்ந்தார்கள். எஞ்சின் ஓடிய பிறகு உள்சுவரில் வரிவரியாகக் கீறல்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பிசாசின் நகக்கீறல்".

அவர்கள் அதை மூடி மறைக்கவும் இல்லை, தடித்த ஒயில் ஊற்றவும் இல்லை. கீறல் ஏன் விழுகிறது என்று கேட்டார்கள். பட்டி சுழலும்போது தன் இயல்பான அதிர்வில் துள்ளுகிறது, அதனால்தான் வரி விழுகிறது என்று கண்டார்கள். பட்டிக்கு என்னென்னவோ பொருட்களைச் சோதித்தார்கள், மாட்டெலும்பு, குதிரை எலும்பு வரை. கடைசியில் கார்பனும் அலுமினியமும் சேர்ந்த பட்டி கை கொடுத்தது. 1967 மே மாதம் கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. ரோ-80 வந்த அதே வருடம்!

1991 இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் போட்டியில், நான்கு சுழலிகள் கொண்ட மஸ்டா 787பி முதலாவதாக வந்தது. போட்டிக்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது அது நல்ல நிலையில் இருந்தது. "சுழல் எஞ்சின் என்றாலே உடையும்" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்த எஞ்சினுக்குக் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெற்றோல் அதிகம் குடிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடியில் மஸ்டாவே ஆட்டம் கண்டது அதனால்தான். புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகிவர, ஆர்எக்ஸ்-8 இன் உற்பத்தி 2012 இல் நின்றது.

*

இப்போது அந்த யோசனைகளுக்கு வருவோம்.

ஒயில் குறைவது: பிஸ்டன் எஞ்சினில் அது நோயின் அடையாளம். சுழல் எஞ்சினில் முனைப் பட்டிகளுக்கு வழுவழுப்புத் தரவே, சிறிது ஒயிலை வேண்டுமென்றே உள்ளே விட்டு எரிக்கிறார்கள். மூன்றாமவர் அடைக்கச் சொன்ன பம்பின் வேலை அதுதான். பந்தயக்காரர் சிலர் அதைக் கழற்றுவது உண்மை. ஆனால் அவர்கள் ஒவ்வொரு முறையும் பெற்றோலிலேயே ஒயில் கலந்து ஊற்றுகிறார்கள். பாதி யோசனைதான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் செய்ய வேண்டியது, ஒயில் அளவை அடிக்கடி பார்த்துக் குறைந்ததை ஊற்றுவது மட்டும்.

தெர்மோஸ்டாட்: பழைய லொறிகளுக்கு நம் மலைப்பாதைகளில் செய்துவந்த வைத்தியம் இது. மஸ்டா சுழல் எஞ்சினில், சூடானதும் திறக்கும் அந்த வால்வு, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் குறுக்கு வழியையும் சேர்த்து அடைக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூடு குறையாது, கூடும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட லொறியில் அது உண்மையாக இருந்திருக்கும்.

இதற்கு இன்னொரு உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. நுவரெலியா மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி 1934 இல் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நகரம் இது. காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் உள்ள பழைய கார்களுக்கு, ஆர்எக்ஸ்-7 இன் முதல் தலைமுறைக்கும்தான், இங்கே பெற்றோலைக் குறைத்து வைத்தால் நன்றாக இழுக்கும். அதே காரை அப்படியே கொழும்புக்கு ஓட்டிப்போனால், அடர்ந்த காற்றுக்குப் பெற்றோல் போதாது. எஞ்சின் சூடேறித் தட்டும், முனைப் பட்டி உடையவும் கூடும். மலையில் மருந்து, கடற்கரையில் நஞ்சு. ஆர்எக்ஸ்-8 இல் கணினியே காற்றை அளந்து பெற்றோலை விடுவதால் அந்த வைத்தியத்துக்கு வேலையே இல்லை.

*

நம் மலைகளுக்கு இது புதிய கதையுமல்ல. 1869 இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. துரைமார் கந்தகம் தூவினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, இலையை நுணுக்குக்காட்டியில் வைத்து, பூஞ்சை எப்படி உள்ளே நுழைகிறது என்று படிப்படியாகக் காட்டினார். மலை முழுக்க ஒரே பயிர் இடைவெளியின்றி நின்றதே அது பரவ வழி செய்தது என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. காரணம் காணும் முன்னே மருந்து தேடியதன் விலை அது.

*

மாணவரின் காருக்கு என்ன ஆனது?

சுழல் எஞ்சினின் அமுக்கத்தைச் சாதாரண அளவியால் சரியாக அறிய முடியாது. ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று முகங்கள் உண்டு. சாதாரண அளவி மூன்றில் கூடியதை மட்டும் காட்டி நிற்கும். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவி உள்ள இடத்தைத் தேடிக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். எஞ்சினின் அமுக்கம் தேவையான அளவுக்கு மேலேயே இருந்தது. இரண்டு சுழலிகளுக்கும் நான்கு பிளக், நான்கு கொயில். அதில் இரண்டு கொயில்கள் பலவீனம், பிளக்குகள் தேய்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றியதும் கார் ஓடியது. எஞ்சின் மாற்றக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவு.

அவர் அந்த பாஸை அவமானப்படுத்தவில்லை. காரை அவரிடமே ஓட்டிப்போய் நிறுத்தி, பழைய கொயிலைக் கையில் கொடுத்து, "பாஸ், பிழை இதில்தான் இருந்திருக்கிறது" என்றாராம். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சாமானை நான் பிரித்ததே இல்லை தம்பி. அதைச் சொல்லியிருக்கணும்" என்றாராம்.

நாமும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். "வித்துப் போடு" என்பதற்கு முன் "எனக்குத் தெரியாது மகன்" என்று.

இப்போது யாராவது யோசனை சொன்னால் அந்த மாணவர் மூன்று கேள்விகள் கேட்கிறாராம்: எந்த வாகனத்தில் செய்து பார்த்தீர்கள்? அந்தப் பாகத்தை ஏன் வைத்தார்கள்? கழற்றினால் அதன் வேலையை எது செய்யும்? மரியாதையாகத்தான் கேட்கிறார். தெரிந்தவர் உட்கார்ந்து விளக்குகிறார். தெரியாதவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

பள்ளி தொடங்கியதும், வகுப்பில் இந்தக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். யாருடையவை என்று பிள்ளைகள் கேட்டார்கள். நம்மிடம் படித்த ஒருவர் நமக்குப் படிப்பித்தது என்றோம்.