நியூ ஓர்லியன்ஸ் மாபியாக் குழுவின் தோற்றம்

மாபியா என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நியூயோர்க்கும் சிக்காகோவுமே நம் மாணவர்தம் நினைவில் எழுகின்றன. திரைப்படங்கள் செய்த உபகாரம் அது. ஆயின், ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்களிடையே அச்சொல் பெருவழக்குப் பெற்றமைக்கு, மிசிசிப்பி ஆற்றங்கரைத் துறைமுகமாகிய நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1890 இலும் 1891 இலும் நிகழ்ந்தவையே பெருங்காரணமாயின. அந்நகரக் குழுவின் தொடக்கத்தை ஆராயப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. குழுவினர் தம்மைப்பற்றி எழுதிவைத்தாரல்லர். எழுதிவைத்தோர் பெரும்பாலும் அவர்களைக் குற்றஞ்சாட்டியோரே.

அடிமைமுறை ஒழிந்தபின் லூசியானா மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வேண்டப்பட்டனர். பலேர்மோவிலிருந்து நேரே வந்த கப்பல்களிற் சிசிலியர் பல்லாயிரவராக வந்திறங்கினர். மத்திய அமெரிக்காவிலிருந்து வரும் வாழைப்பழம் முதலியவற்றைக் கப்பலிலிருந்து இறக்குந் தொழிலும் அவர் கைக்கு வந்தது. பழமோ விரைவில் அழுகுவது. கப்பல் கரைசேர்ந்ததும் தாமதமின்றி இறக்கப்படல் வேண்டும். ஆதலின், வேண்டியபோது வேண்டிய ஆட்களைத் திரட்டித் தரவல்ல ஒப்பந்தகாரன் வணிகர்க்கு இன்றியமையாதவனானான். புரொவென்சானோ சகோதரர் வசமிருந்த அவ்வொப்பந்தம் 1880 களின் பிற்பகுதியிற் சார்ள்ஸ் மத்திராங்கா, தோனி மத்திராங்கா என்னுஞ் சகோதரரிடஞ் சென்றது. பகை மூண்டது. 1890 மே மாதத்தில், வேலைமுடிந்து இரவில் வீடு திரும்பிய மத்திராங்காவின் ஆட்கள் சுடப்பட்டனர். தோனி ஒரு காலை இழந்தார். குழுவின் வேரைச் சிசிலியின் இரகசியச் சபதங்களில் தேடுவதினும் இக்கப்பற்றுறை ஒப்பந்தத்தில் தேடுதலே தகுமென்பது எம் கருத்து.

அவ்வாண்டு ஒக்தோபர் 15 ஆம் நாளிரவு, நகரப் பொலிசுத் தலைவர் டேவிட் ஹென்னெசி வீடு திரும்பும் வழியிற் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சுட்டவர் இத்தாலியரென்று ஓர் இழிசொல்லால் அவர் சுட்டினாரென நண்பரொருவர் கூறினார். எனினும் பல மணிநேரம் உணர்வோடிருந்தும் அவர் எவர் பெயரையுஞ் சொன்னாரல்லர். இத்தாலியர் பெருந்தொகையாகக் கைதாயினர். பத்தொன்பதின்மர் மீது குற்றஞ் சாட்டப்பட்டு, ஒன்பதின்மர் முதலில் விசாரிக்கப்பட்டனர். 1891 மார்ச் 13 இல் அறுவர் விடுவிக்கப்பட்டனர். எஞ்சிய மூவரைக் குறித்து யூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சார்ள்ஸ் மத்திராங்காவை விடுவிக்குமாறு நீதிபதியே பணித்திருந்தார்.

மறுநாட் காலை, சட்டத்தரணி பார்க்கர்சன் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சிறைச்சாலையை உடைத்துப் புகுந்து பதினொருவரைக் கொன்றனர். அவருள் ஐவர் விசாரணையையே கண்டிலர். மத்திராங்காவோ ஒளிந்திருந்து உயிர் தப்பினார். தலைவரெனப் பின்னாளிற் கூறப்பட்டவர் பிழைக்க, அவரினும் எளியர் பலர் மாண்ட விந்தையை என்னென்பது! இத்தாலி தன் தூதுவரைத் திருப்பியழைத்தது. 1892 இல் அமெரிக்க அரசு ஏறக்குறைய 25,000 டொலர் ஈடாக அளித்தது. கொன்றவருள் எவரும் தண்டிக்கப்படவில்லை. அக்கும்பலிற் கலந்திருந்த ஜோன் பார்க்கர் 1920 இல் அம்மாநில ஆளுநராகவும் ஆனார்.

மத்திராங்கா 1943 வரை வாழ்ந்தார். அவரைக் குழுவின் முதற்றலைவருள் ஒருவரெனப் பின்வந்த நூல்கள் எழுதும். நீதிமன்றத்தில் அது நிறுவப்பட்டதில்லை. துறைமுகக் கூலியாட்களைத் தம் ஆணைக்குள் வைத்திருந்தாரென்பது மட்டுந் தெளிவு. மதுவிலக்குக் காலத்திற் கள்ளச்சாராய வணிகத்தால் ஓங்கிய சில்வெஸ்துரோ கரோலாவை அடுத்த தலைவரென்பர். அவர் 1947 இல் நாடுகடத்தப்பட்டார். அவர்பின் வந்த கார்லோஸ் மார்செலோ 1910 இல் தூனிசிற் பிறந்த சிசிலியர். சூதாட்டத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1951 இற் செனற் சபைக் குழு அவரை அழைத்து வினவியபோது, பெரும்பாலான வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தார். அவர் காலந்தொட்டே வரலாற்றாசிரியனுக்கு அரச ஆவணங்கள் பெருகக் கிடைக்கின்றன.

2019 இல் நியூ ஓர்லியன்ஸ் மேயர், 1891 ஆம் ஆண்டுப் படுகொலைக்காக இத்தாலிய சமூகத்தாரிடம் மன்னிப்புக் கோரினார். ஹென்னெசியைச் சுட்டவர் யாரென்பது இன்றுவரை துணியப்படவில்லை.