இரண்டு சொற்களின் சரித்திரம்

கல்லூரிகளில் அரசியலமைப்பு வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிப்போர் பெரும்பாலும் அதனை ஆண்டுகளின் அடுக்காகவே அறிந்து வெளியேறுகின்றனர். 1773, 1784, 1833, 1858, 1861, 1892, 1909, 1919, 1935 என்று சட்டங்களின் வரிசை நீளும். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து சிறப்பியல்புகள், மூன்று குறைபாடுகள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். ஒரு சட்டத்தின் குறைபாட்டை இன்னொரு சட்டத்தின் சிறப்பியல்பாக எழுதிவிட்டாலும் மதிப்பெண் குறையாது என்று எங்களுள் சிலர் உறுதியாக நம்பினர்!

பிற்காலத்தில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தபோது, வேறொரு வழியைக் கைக்கொண்டேன். சட்டம் முழுவதையும் அள்ளிக் கொடாமல் அதில் ஒரு பிரிவை மட்டும் எடுத்து, அது பிறந்த நாள்தொட்டு நடந்து வந்த பாதையைப் பின்தொடர்ந்து செல்வது அந்த வழி. அவ்வாறு நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 93ஆம் பிரிவாகும்.

மாகாண ஆட்சியைச் சட்டத்தில் கண்டபடி நடத்த இயலாத நிலை ஏற்பட்டுவிட்டது என்று கவர்னர் கருதினால், ஒரு பிரகடனத்தின் மூலம் அதிகாரங்களைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பிரிவின் சாரம். மாகாணங்களுக்குச் சுயாட்சி வழங்குவதாகச் சொன்ன சட்டம், அந்தச் சுயாட்சியைத் திரும்பப் பெறும் சாவியையும் கவர்னரின் சட்டைப் பையிலேயே வைத்திருந்தது.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. ஆயினும் காங்கிரசார் உடனே பதவி ஏற்கவில்லை. கவர்னர் தமக்குரிய தனி அதிகாரங்களைக் கொண்டு அன்றாட நிர்வாகத்தில் தலையிடமாட்டார் என்ற உறுதிமொழி வேண்டும் என்றனர். ஏப்ரல் முதல் நாளன்று கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் ஓர் இடைக்கால மந்திரி சபை அமைந்தது. ஜூன் மாதத்தில் வைசிராய் லின்லித்கோ பிரபு விளக்க அறிக்கை ஒன்றை வெளியிட்ட பின்னரே, ஜூலை 14ஆம் நாள் ராஜாஜி பொறுப்பேற்றார். இந்த மூன்றரை மாத இழுபறியில் சட்டத்தின் ஓர் எழுத்தேனும் மாறவில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். மாறியது, அதனை எவ்வாறு கையாளுவது என்பதைப் பற்றிய நம்பிக்கை ஒன்றே.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைக் கேளாமல் சேர்த்ததை எதிர்த்து, 1939ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ராஜாஜி மந்திரி சபை விலகிற்று. கவர்னர் எர்ஸ்கின் பிரபு 93ஆம் பிரிவைப் பயன்படுத்தினார். 1946 ஏப்ரலில் பிரகாசம் பதவி ஏற்கும் வரையில், ஆறரை ஆண்டுக் காலம் சென்னை மாகாணத்தை ஆலோசகர்களின் துணையோடு கவர்னர்களே ஆண்டனர்.

இத்தகைய அனுபவம் பெற்றவர்கள் சுதந்திர இந்தியாவின் சட்டத்தை வகுக்கும்போது இந்தப் பிரிவை அடியோடு நீக்கியிருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். அவர்கள் நீக்கவில்லை. பிரிவினையின் இரத்தமும் அகதிகளின் வெள்ளமும் கண்முன் நின்ற காலம் அது. நாடு சிதறிவிடுமோ என்ற அச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது.

அரசியல் நிர்ணய சபையின் முதல் நகலில், நெருக்கடி நேர்ந்தால் கவர்னர் இரண்டு வாரங்களுக்குத் தாமே அதிகாரத்தை ஏற்று ஜனாதிபதிக்குத் தெரிவிக்கலாம் என்று இருந்தது. கவர்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவார் என்ற எண்ணம் அப்போது இருந்தது. அவர் நியமனம் பெறுபவரே என்று முடிவானபின், 1949 ஆகஸ்டு 3ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் புதிய வாசகத்தைக் கொணர்ந்தார். அதன்படி அதிகாரம் ஜனாதிபதிக்கே உரியது. கவர்னரின் அறிக்கையைப் பெற்றோ, “பிற வகையிலோ” அவர் நிலைமையை அறிந்து செயற்படலாம். ஆங்கில மூலத்திலும் இவை இரண்டே சொற்கள்.

எச்.வி. காமத் இச்சொற்களைக் கடுமையாக எதிர்த்தார். அறிக்கையே இன்றி ஒரு மாநிலத்தின் ஆட்சியில் தலையிட இது வழி திறந்துவிடும் என்பது அவருடைய அச்சம். அம்பேத்கரின் விடையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாநிலங்களைக் காக்கும் கடமையை மத்திய அரசாங்கத்தின்மீது சுமத்திவிட்டு, கவர்னர் வாய்மூடி இருந்தால் கைகட்டி நிற்கச் சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் வாதம். இப்பிரிவு பயன்படாமலே கிடக்கும் எனத் தாம் நம்புவதாகவும் அவர் கூறினார். என் மாணவர்களை இந்த இரண்டு நாள் விவாதத்தை மட்டுமாவது முழுமையாகப் படிக்கச் சொல்வேன். எந்தப் பாடநூற் சுருக்கமும் அதற்கு ஈடாகாது.

அவ்வாறு 356ஆம் பிரிவு பிறந்தது. அது பயன்படாமல் கிடக்கவில்லை. 1951 ஜூன் மாதத்திலேயே பஞ்சாபில் முதன்முறையாகக் கையாளப்பட்டது. அங்கே மந்திரி சபைக்குப் பெரும்பான்மை இல்லாமற் போகவில்லை. சொந்தக் கட்சியின் மேலிடமே விலகச் சொன்னதால் கோபிசந்த் பார்கவா விலகினார். பிறகு 1959இல் கேரளம். இன்றளவும் கணக்கெடுத்தால் நூறு தடவைகளுக்கு மேல்.

தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இப்பிரிவு பாய்ந்தது. இவற்றுள் நான்காவதே நம் பொருளுக்கு உரியது. 1991 ஜனவரி 30ஆம் நாள், சட்டசபையில் பெரும்பான்மை பெற்றிருந்த மு. கருணாநிதியின் மந்திரி சபை நீக்கப்பட்டது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கான அறிக்கையை அனுப்பவில்லை. பிரகடனம், காமத் அஞ்சிய அந்த இரண்டு சொற்களின்மீதே நின்றது. சட்டம் ஒழுங்கு குலைந்தது என்று மத்திய அரசாங்கம் சொன்ன காரணமும், அதற்கு நீக்கப்பட்டோர் சொன்ன மறுப்பும் அரசியலாரின் வழக்கு. நாற்பத்தொன்றரை ஆண்டுகளுக்கு முன் டில்லியில் நடந்த ஒரு சொல் விவாதம், சென்னைக் கோட்டையில் ஓர் ஆட்சியின் ஆயுளை முடித்துவைத்தது என்பதே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது.

வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அறிக்கையே தேவையில்லை என்றால் கவர்னர் எதற்கு ஐயா?” என்று கேட்டாள். உடனே இன்னொருவன், “கவர்னரும் மந்திரி சபையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அநீதி செய்தால் யார் கேட்பது?” என்றான். 1949 ஆகஸ்டில் எழுந்த இரு கட்சிகளும் அந்த அறையில் மீண்டும் எழுந்து நின்றன. அன்று நான் விரிவுரை ஆற்றவில்லை.

அவர்களுடைய வாதத்துக்கு ஓரளவு வரம்பு கட்டியது 1994 மார்ச் 11ஆம் நாள் வெளிவந்த பொம்மை வழக்கின் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அந்த வழக்கில், பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்றும், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டசபையின் தளத்திலேயே காண வேண்டும் என்றும், பார்லிமெண்டின் ஒப்புதலுக்கு முன் சட்டசபையைக் கலைத்துவிடலாகாது என்றும் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. பிரகடனம் எந்த ஆதாரத்தின்மீது பிறந்ததோ, அந்த ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை நீதிபதிகளுக்கு உறுதியாயிற்று. அந்த இரண்டு சொற்களை எவரும் அடிக்கவில்லை. 356ஆம் பிரிவில் அவை அப்படியே இருக்கின்றன.