பொன்னியின் செல்வனில் மாந்தர் பெயர்கள்: கல்வெட்டும் கற்பனையும்

கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி) எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் வரலாற்றுப் புதினம் 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு நாளன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரை மீது ஓர் இளைஞன் வருகிறான். அவன் பெயர் வல்லவரையன் வந்தியத்தேவன். கல்வெட்டு ஆராய்ச்சியில் பழக்கமுள்ள சிலரைத் தவிர அன்றைய வாசகர்கள் இப்பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்திருப்பது கல்கியின் வந்தியத்தேவனையா, சோழர் காலத்து வந்தியத்தேவரையா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. ஒரு வினோதமான பெயர் காதில் விழுந்த உடனே மனத்தில் ஓர் உருவம் எழுந்துவிடுகிறது. அந்த உருவம் வரலாற்றுப் பாடத்துக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்துவிடுவதை ஆசிரியப் பணியில் பல முறை பார்த்திருக்கிறேன்.

வீராணத்தங்கரை

கதை தொடங்கும் ஏரி நெய்வேலிக்காரர்களுக்கு அயலூர் அன்று. வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதால் ஏரிக்கு அப்பெயர் வந்தது. வாய்வழக்கில் அது தேய்ந்து வீராணம் ஆயிற்று. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. 2004ஆம் ஆண்டு முதல் இந்த ஏரி நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் ஏற்றப்பட்டு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குப் போகிறது. வந்தியத்தேவன் வியந்து பார்த்த தண்ணீர் நம் வாசல் வழியாகத்தான் போகிறது என்று சொன்னால் மாணவர்களுக்குக் கதையின் மீது தனி உரிமை வந்துவிடும்.

வந்தியத்தேவன்

புதினத்தைப் படிக்காத மாணவர்களிடம் இப்பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, "இவர் யாராக இருப்பார்?" என்று கேட்டால் வரும் விடைகள் சுவையானவை. எங்கிருந்தோ வந்தவர் என்பார்கள். "வந்த" என்னும் ஒலி அப்படி நினைக்க வைக்கிறது. தேவன் என்று முடிவதால் கோயில் சாமி என்பார் சிலர். திருவிளையாடற் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மதுரையில் பிட்டு விற்ற வந்திக் கிழவி நினைவுக்கு வருவாள். வல்லவரையன் என்பதையும் சேர்த்து எழுதினால், எதையும் வல்லவன் என்று விடை மாறிவிடும்.

கல்கியின் திறமை இங்கேதான் இருக்கிறது. பழகாத இந்தப் பெயரை அவர் உரை எழுதி விளக்கவில்லை. பெயருக்கு உரியவனைத் துடுக்கும் குறும்பும் பசியும் உள்ள இளைஞனாக நடமாட விட்டார். இரண்டு அத்தியாயம் தாண்டுவதற்குள் பெயரின் முரட்டுத்தனம் மறைந்து அவன் முகம் மட்டும் நிற்கிறது. வாணர் குலத்தில் பிறந்து நாடிழந்தவன் என்னும் பின்னணியும் கல்கி தந்ததே.

கல்வெட்டு நமக்குத் தருவது மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையைக் குறிக்கும்போது, அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவி என்று சொல்லப்படுகிறது. அதாவது நாவலில் தன் துடுக்குத்தனத்தால் இடம் பிடித்தவர், கல்லில் மனைவியின் அறக்கொடைகளை ஒட்டி நினைக்கப்படுகிறார். அவர் எந்தப் போரில் நின்றார், எப்படிப் பேசினார், குந்தவையை எப்படி மணந்தார் என்பவற்றுக்கெல்லாம் அங்கே விடை இல்லை.

பெயரின் பொருள் பற்றிச் சில சொற்கள். "வந்தித்தல்" என்றால் வணங்குதல். வந்தியன் என்றால் வணங்கத்தக்கவன். ஆகவே வந்தியத்தேவன் மரியாதை நிறைந்த பெயரே. வல்லவரையன் என்பதில் உள்ள "அரையன்" அரசன் என்னும் பொருளது. முதற்பகுதியை வல்லம் என்னும் ஊரோடு இணைப்பது ஒரு வழி. ராட்டிரகூட, சாளுக்கிய மன்னர்கள் தாங்கிய "வல்லப" என்னும் பட்டத்தோடு இணைப்பது இன்னொரு வழி. முதல் வழி அவரைத் தமிழகக் குறுநில மன்னராக்கும். இரண்டாவது அவரது வேரை வடக்கே தேடச் சொல்லும். ஒரு பெயரின் முதற்பாதியைப் பிரிப்பதிலேயே இவ்வளவு வேறுபாடு. கல்கி ஒரு வழியைத் தேர்ந்துகொண்டார். கதை எழுதுபவருக்கு அந்த உரிமை உண்டு. மாணவர் அதையே விடைத்தாளில் எழுதும்போதுதான் சிக்கல்.

பழுவேட்டரையர்

இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு "வேட்டை" கேட்கும். சிலருக்குப் "பழுத்த" கிழவர் தோன்றுவார். வயது முதிர்ந்த, உடம்பில் 64 விழுப்புண்கள் கொண்ட பெரிய பழுவேட்டரையரைக் கல்கி படைத்தபோது, பெயரின் ஒலி அவருக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பழுவேட்டரையர் என்பது தனி ஒருவரின் பெயரன்று. பழுவூரை ஆண்ட மரபினரின் பெயர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கீழப்பழுவூர், மேலப்பழுவூர் பகுதிதான் அவர்கள் நாடு. கண்டன் அமுதன், கண்டன் மறவன் முதலிய பழுவேட்டரையர்கள் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அம்மரபினர் கட்டிய அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயில் முற்காலச் சோழர் கலையின் அழகிய சான்று. அன்பில் செப்பேடுகளின்படி பராந்தகன் இம்மரபுப் பெண்ணை மணந்தான். அவர்கள் மகனே அரிஞ்சயன்.

சோழருக்குப் பெண் கொடுத்த, அவர்களுக்காகப் போரிட்ட ஒரு மரபு, இன்று பெரும்பாலான வாசகர் மனத்தில் சதிக்கூட்டம் நடத்தியவர்களாகவே நிற்கிறது. கல்கி இறுதியில் பெரியவரைப் பெருமைப்படுத்தியே அனுப்புகிறார். இருந்தும் கடம்பூர் மாளிகை நள்ளிரவுக் கூட்டத்தில் பெற்ற முதல் எண்ணம் எளிதில் அழிவதில்லை.

ஆழ்வார்க்கடியான்

இது முழுக்க வேறு வகைப் பெயர். கற்பனைப் பாத்திரம், கதைக்குள்ளேயே அவனுடைய இயற்பெயர் திருமலை. பெயரே அவன் சமயத்தை அறிவித்துவிடுகிறது. ஏரிக்கரையில் சைவரோடு வாதமிட்டுத் தடியைத் தூக்கும்போது, நகைச்சுவைக்காக வந்த ஆள் என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்று பிறகு தெரியவரும்போது நாமும் ஏமாந்தவர்களாகிறோம். ஒற்றனுக்கு இதைவிட நல்ல மறைப்பு வேறென்ன வேண்டும்? அநிருத்தரோ வரலாற்று மனிதர். சுந்தர சோழன் அன்பில் செப்பேடுகள் வழியாக நிலக்கொடை அளித்தது அந்த அமைச்சருக்குத்தான். அவர் வைணவர் என்பதும் அதே செப்பேடுகளால் தெரிகிறது. சீடனின் பெயரைக் கல்கி எங்கிருந்து பிடித்தார் என்பதற்கு இது ஒரு தடயம்.

சோழர் காலத்தில் "ஆழ்வார்" என்பது வைணவப் பெரியோருக்கு மட்டும் உரிய சொல்லாக இருக்கவில்லை. அரச குடும்பத்தாருக்கும் மதிப்புச் சொல்லாக வழங்கியது. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவைக்கே அந்த அடைமொழி உண்டு. வானதி, அருள்மொழி ஆகிய பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவி; கல்கி அதை வானதி என்று மென்மையாக்கினார். அருள்மொழி, அருண்மொழி இரண்டும் ஒன்றே: நாள் + மலர் நாண்மலர் ஆவது போல அருள் + மொழி அருண்மொழி ஆகும். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

உடையார்குடியும் ரவிதாசனும்

ஆதித்த கரிகாலன் கொலைதான் புதினத்தின் முடிச்சு. அதற்கான சான்று நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் தலை கொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்களும் உறவினரும் நிலம் இழந்ததையும் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற பட்டமும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராயன் என்ற பட்டமும் இருந்தன. பஞ்சவன் என்றால் பாண்டியன். பிரமாதிராயன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த பிராமணருக்குத் தரப்பட்ட பட்டம்.

இப்போது புதினத்துக்கு வருவோம். அங்கே ரவிதாசன் மந்திரவாதியாக, இருட்டில் திரிபவனாக அறிமுகமாகிறான். அவன் கூட்டத்தில் சோமன் சாம்பவன், ரேவதாசக் கிரமவித்தன், பரமேசுவரன், இடும்பன்காரி எல்லாரும் உண்டு. முதல் வாசிப்பில் யாரைக் கண்டு நடுங்குகிறோம்? இடும்பன்காரி என்னும் பெயரைக் கேட்டு. இடும்பன், கரிய நிறம், இரவு எல்லாம் அந்த ஒலியில் இருக்கின்றன. ஆனால் உடையார்குடிக் கல்வெட்டில் அந்தப் பெயர் இல்லை. அங்கே இருப்பவை சாதுவாக ஒலிக்கும் ரவிதாசனும் சோமனும்தான். கதிரவனின் அடியவன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவன், பிரமாதிராயன் என்ற பட்டமும் தாங்கி, இளவரசனைக் கொன்றான் என்பது கல் சொல்லும் செய்தி. இருட்டு மந்திரவாதியைவிட அரசு தந்த பட்டத்தோடு நடமாடிய அதிகாரிதான் எனக்குப் பயங்கரமாகத் தோன்றுகிறான்.

நந்தினி கற்பனைப் பாத்திரம். கொலைக்குக் காரணம் அவள்தான் என்று தேர்வில் எழுதியவர்கள் உண்டு. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்த பிறகு அந்த நம்பிக்கை இன்னும் வலுத்திருக்கிறது. கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. கொலையாளிகளின் பெயரைச் சொல்கிறது, அவர்கள் நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. நீலகண்ட சாத்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் அந்த வரிகளைக் கொண்டே தத்தம் முடிவுக்கு வந்தார்கள். இருவர் முடிவும் ஒன்றன்று.

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்றால் ஒரே நாளில் ஏரியையும் உடையார்குடியையும் பார்த்துத் திரும்பலாம். கடம்பூரும் அருகில்தான். போகிற மாணவர்கள் கையில் புதினத்தின் முதல் பாகத்தை எடுத்துச் செல்லலாம். கல்வெட்டு வாசகத்தின் படியெடுப்பையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் எழுத்து தேய்ந்திருக்கிறது, வெறும் கண்ணால் படிப்பது கடினம்.