கரும்புச் சாற்றின் கணக்கு

கொங்கு நாட்டில் கரும்பின் இனிப்பை மதிப்பிடும் திறன் நெடுங்காலம் ஆலைக் கொட்டகையில், பாகு காய்ச்சுபவரின் விரலில் இருந்தது. கொப்பரையில் கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கரைந்து போகிறதா, உருட்டினால் திரள்கிறதா என்று பார்த்து அவர் பதம் சொன்னார். வெல்லம் அச்சில் நிற்குமா என்பதை அந்தப் பதம் தவறாமல் உணர்த்தினாலும், வயலில் நிற்கும் கரும்பில் எத்தனை பங்கு சர்க்கரை என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. அப்படியொரு கேள்வி எழ வேண்டிய தேவையும் அப்போது இருக்கவில்லை.

தேவையை உண்டாக்கியது, 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம். கரும்பு பூத்து விதை பிடிக்க ஏற்ற தட்பவெப்பம் இவ்வூருக்கு வாய்த்திருந்ததால், வட இந்தியாவுக்கான புதிய இரகங்களும் இங்கேயே உருவாயின. சி. ஏ. பார்பரும் அவருடைய உதவியாளராகச் சேர்ந்த டி. எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்த நாட்டுக் கரும்பை, வறட்சியையும் குளிரையும் தாங்கும் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-இல் வெளியானது. காட்டுக் கரும்பு வலிமையைத் தந்தபோதே நாரையும் கூட்டிச் சர்க்கரையைக் குறைத்துவிடும் என்பதால், கலப்பில் பிறந்த நாற்றுகள் ஒவ்வொன்றின் சாற்றையும் அளந்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை நாக்கால் சோதிக்க முடியாது.

அளவீடு இரண்டு எண்களில் நின்றது. சாற்றில் கரைந்துள்ள எல்லாப் பொருள்களின் விழுக்காடு பிரிக்ஸ் எனப்படும். ஒரு துளிச் சாற்றில் ஒளி விலகும் அளவைக் கொண்டு, கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர் அதை வயலிலேயே காட்டிவிடும். சுக்ரோஸ் என்னும் சர்க்கரையின் பங்கை அறியச் சாற்றைக் காரீய உப்பால் தெளிய வைத்து, போலாரிமீட்டரில் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஷ்மிட்ஸ் அட்டவணையில் தேடிப் பிடிக்க வேண்டும். இதன்பின் வரும் வாய்பாடு எளியது: பிரிக்ஸிலிருந்து சுக்ரோஸைக் கழித்து, மீதியில் 0.4 பங்கைச் சுக்ரோஸிலிருந்து நீக்கி, 0.73-ஆல் பெருக்கினால் ஆலையில் கிடைக்கக்கூடிய சர்க்கரை வந்துவிடும். பிரிக்ஸ் 20, சுக்ரோஸ் 18 என்றால் விடை ஏறத்தாழ 12.6. தாளில் போட்ட இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் கணினி ஏற்றுக்கொண்டது. கருவி காட்டும் எண் எதைக் குறிக்கிறது என்ற சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால், லூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் அதன் சுக்ரோஸைத் தின்று, குளுக்கோஸ் அலகுகள் தொடராகக் கோத்த டெக்ஸ்ட்ரானை உண்டாக்குகிறது. இது ஒளியைச் சுக்ரோஸைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு திருப்புவதால், கெட்டுப்போன கரும்பு நல்ல கரும்பாகக் கணக்கில் ஏறிவிடலாம். இத்தகைய சர்க்கரைத் தொடர்களின் பொதுப்பெயர் கிளைக்கன். உயிரணுக்களின் மேற்பரப்பிலும் இவை உண்டு. இவற்றின் நிறையை அளக்கும் நிறைநிறமாலைமானிக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. குளுக்கோஸ், மேனோஸ், கேலக்டோஸ் மூன்றுக்கும் நிறை 180 என ஒன்றே ஆகையால், முழுத் தொடரின் நிறை அதன் அலகுகள் எவை, எந்த வரிசையில் என்பதைச் சொல்வதில்லை.

இங்கேதான் மென்பொருள் தேவைப்பட்டது. புரத வடிவங்களைப் பற்றி 1963-இல் ஜி. என். ராமச்சந்திரனோடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த வி. சசிசேகரனின் மகன் ராம் சசிசேகரன், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தம் குழுவினருடன் 1999-இல் ஒரு வழியை வெளியிட்டார். ஹெப்பாரின் என்னும் கிளைக்கன் வகைத் தொடரின் 32 இரட்டை அலகுகளுக்கும் எண்குறி தந்து, அளந்த நிறைக்குப் பொருந்தும் எல்லாத் தொடர்களையும் கணினியால் பட்டியலிட்டு, நொதிகளால் வெட்டிய துண்டுகளின் நிறையைக் கொண்டு பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவது அந்த வழி. 2001-இல் வந்த கிளைக்கோமாட், 2008-இன் கிளைக்கோவொர்க்பெஞ்ச் ஆகிய மென்பொருள்கள் இத்தகைய வேலையைப் பரவலாக்கின.

கொங்கு நாட்டின் ஆப்பக்கூடலிலும் கிருஷ்ணாபுரத்திலும் சர்க்கரை ஆலைக்கு ஏற்றப்பட்ட கரும்புக்கு இந்த நுணுக்கம் எட்டியதாகச் சொல்வதற்கில்லை. 2009-10 பருவத்தில் வந்த நியாயமான மற்றும் ஆதாய விலை, ஆலையின் சராசரிச் சர்க்கரை மீட்பு விழுக்காட்டோடு இணைக்கப்பட்டது. அதனால் வெட்டிய அன்றே கரும்பை அனுப்பியவருக்கும் மூன்று நாள் காயவிட்டவருக்கும் டன் ஒன்றுக்கு ஒரே விலைதான். எடை குறைந்த அளவுக்கு மட்டும் பின்னவர் இழந்தார்.